போர்மன்னன் கையிலிருக்கும் தலை

சென்ற ஆண்டு ஒரு முதுகலை ஆய்வேட்டுத் தலைப்பு நிராகரிக்கப்பட்டது. எந்தக் கல்லூரியில், யாரால் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பத்தாண்டுகளுக்கு முன் அந்த மேசையின் மறுபக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன் என்ற குற்றவுணர்வுதான் இதை எழுதவைக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்து படித்த மாணவி அவர். அவர் கேட்ட தலைப்பு, திரௌபதியம்மன் கூத்தில் வரும் போர்மன்னனையும் ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றில் வரும் ராமென்மேன் என்ற மல்லனையும் ஒப்பிடுவது. எதிரியாக அறிமுகமாகி நாயகர் பக்கம் வந்து நிற்கும் இருவர். கையில் இரத்தக் கறையோடு வந்து நிற்பவர்கள்.

நிராகரித்தவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. மூத்தவர் ஒருவர், வில்லனை நாயகனாக்குவது மேற்கிலிருந்து இறக்குமதியான நோய் என்றும், நம் மரபில் அறம் எது மறம் எது என்பதில் குழப்பமே இருந்ததில்லை என்றும், பொம்மைப் புத்தகத்தைக் கொண்டுவந்து பாரதத்தின் பக்கத்தில் வைப்பது அநாகரிகம் என்றும் சொன்னார். இன்னொருவர் முற்போக்காளர், நல்ல வாசிப்புள்ளவர், நானும் மதிப்பவர். எதிர்நாயகனை எழுதுவதானால் இராவணனை எழுது, ஜப்பான் எதற்கு என்றார். இருவரும் எதிரெதிர்த் துருவங்கள் என்றுதான் வெளியில் பெயர். அன்று ஒரே குரலில் பேசினார்கள். அந்த ஒற்றுமைதான் என் சந்தேகத்தின் தொடக்கம்.

முதலில் ஜப்பானுக்குப் போய்வருவோம். ‘கின்னிக்குமான்’ 1979-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கி 1987 வரை ஓடிய சித்திரக்கதை. 2011-இல் இணையத்தில் மீண்டும் தொடங்கியது. எழுதி வரைந்தவர்கள் பள்ளித் தோழர்கள் இருவர். வைத்துக்கொண்ட புனைபெயர் யுதேதமாகோ. அவித்த முட்டை என்று பொருள். அதீத மனிதர்கள் மல்யுத்தக் களத்தில் மோதிக்கொள்ளும் கதை. தொடக்கத்தில் வெறும் கேலிக்கூத்து. நாயகன் கோழை, அசடன், பன்றி முகம். (தலையில் குழம்புத் தட்டைச் சுமந்துகொண்டு இந்திய மல்லன் ஒருவனும் வருகிறான். நம்மைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.) இந்தக் கேலிக்கூத்துக்குள்தான் ராமென்மேன் வருகிறான். நூடுல்ஸ் உணவின் பெயரைத் தாங்கிய சீன மல்லன். கொடூரன் என்றே அறிமுகமாகிறான். ஜெர்மானிய மல்லன் பிராக்கென்மேனைக் களத்திலேயே, எதிராளியின் முதுகில் அமர்ந்து முகவாயைப் பின்னுக்கு வளைக்கும் பிடியில், இரண்டாகப் பிளந்து கொல்கிறான். அடுத்த போட்டிக்குப் பழிவாங்க வருகிறான் மகன் பிராக்கென் ஜூனியர். அவனும் தோற்கிறான். தந்தையைக் கொன்ற அதே பிடியில் அவனையும் வைத்திருக்கும் ராமென்மேன், முடிக்காமல் விட்டுவிடுகிறான்.

அங்கிருந்துதான் அவன் மாறுகிறான். பின்னாட்களில் அவன் ஞானியைப் போலப் பேசுகிறான். முகமூடி அணிந்து மங்கோல்மேன் என்ற பெயரில் நாயகர்களுக்காகப் போரிடுகிறான். தனக்கென்று தனித் தொடரே பெறுகிறான். பிராக்கென் ஜூனியர் அவனோடு ஒரே அணியில் நிற்கிறான். கொலை நடக்கவில்லை என்று கதை ஒருபோதும் சொல்வதில்லை. மன்னிப்பு என்ற பெரிய சொல்லையும் அது அவசரப்பட்டு எடுப்பதில்லை. கொன்றவனும் கொல்லப்பட்டவனின் மகனும் ஒரே கட்டத்துக்குள் அருகருகே நிற்கும் ஒவ்வொரு முறையும் வாசகனுக்கு அந்தப் பழைய பக்கம் ஞாபகத்துக்கு வருகிறது. இதைச் சிறுவர்களுக்கான வார இதழில் செய்திருக்கிறார்கள்.

1983-இல் இதே கதை தொலைக்காட்சித் தொடரானபோது அந்தக் கொலையைக் காட்டக் கூடாது என்று, பிளப்பதற்குப் பதிலாக எதிராளியை நூடுல்ஸாக மாற்றிச் சாப்பிட்டுவிடுவதாக ஆக்கினார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செஞ்சிக்கு வந்ததும் இதே வேலையை வேறு வடிவில் பார்க்கப்போகிறோம்.

‘இறக்குமதி நோய்’ என்று சொன்ன மூத்தவரின் மேசையிலேயே மருந்து இருந்தது. அவர் திறந்து பார்க்கவில்லை. இறக்குமதியைப் பற்றிப் பேசுவதானால் ஜப்பான் வரை போகத் தேவையில்லை, சிவகாசி போதும். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவன் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனில் 1962-இல் பிறந்த அந்த லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரிய உடல் மறையும் அந்த மனிதன், முதல் கதையில் குற்றவாளி. விபத்தில் புத்தி பேதலித்து நகரத்தையே மிரட்டியவன். பிறகுதான் நிழற்படையின் உளவாளி. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழில் வந்த மாடஸ்டி பிளைசி, ஒரு குற்றக் கும்பலுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். அதே லயனில் தமிழ்ச் சிறுவர்களின் உறக்கத்தைக் கெடுத்த ஸ்பைடர், குற்றவுலகின் சக்கரவர்த்தியாகும் ஆசையோடு புறப்பட்டு, தன்னைவிடச் சிறிய திருடர்களை அடக்குவதில் அதிக சுவாரசியம் கண்டு நாயகனானவன். தமிழில் இரண்டு தலைமுறைச் சிறுவர்கள் கொண்டாடிய மூவரும் பழைய குற்றவாளிகள்! இவர்களைப் படித்து வளர்ந்தவர்கள்தாம் இன்று சிற்றிதழ்களில் எழுதுகிறோம், பேராசிரியர்களாக இருக்கிறோம். பேருந்து நிலையக் கடையில் இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் வாங்கிய அந்தப் புத்தகங்களைப் பாடப்புத்தகத்துக்குள் மறைத்துப் படித்த நான், முதுகலை வகுப்புக்குள் நுழைந்த நாளில் அவற்றை மறந்துவிட்டதாக நடித்தேன். அந்த நடிப்புக்குத்தான் நம் துறையில் தேர்ச்சி என்று பெயர்.

சரி, ‘மரபில் குழப்பமே இருந்ததில்லை’ என்ற வாதத்துக்கு வருகிறேன்.

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே மேலச்சேரி. பழைய செஞ்சி என்று சொல்லப்படும் ஊர். அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலை அந்த வழிபாட்டின் ஆதிப் பீடமாகக் கொள்கிறார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988-இலும் இரண்டாம் தொகுதி 1991-இலும் சிகாகோவில் வெளிவந்தன. முதல் தொகுதியின் துணைத்தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது: செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை. குருக்ஷேத்திரத்திலிருந்து செஞ்சிக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். நம் தமிழ்த்துறைகளில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருப்போம் என்று கேட்டு யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நான் புரட்டியதே முப்பத்தைந்து வயதுக்குப் பிறகுதான்.

இந்தப் பகுதியின் திரௌபதியம்மன் கோயில்களில் அம்மனுக்குக் காவலாக நிற்பவன் போர்மன்னன். போத்துராஜா என்பதும் அவனே. வியாசரில் இவன் இல்லை. வில்லிபுத்தூராரில் இல்லை. எனவே நம் பாடத்திட்டத்திலும் இல்லை. திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தை விரித்துரைக்க, இரவில் கூத்து, வில்லி எழுதாததையும் சேர்த்து ஆடுகிறது. அப்படி ஆடப்படும் கதை இது; ஊருக்கு ஊர் விவரங்கள் மாறும். சிவானந்தபுரியின் அரசன் போர்மன்னன். பாரதப் போரில் வெல்லப் பாண்டவர்களுக்கு அவனிடமிருக்கும் பூசைப் பொருள்கள் தேவை. சாட்டை, பம்பை போன்றவை. கேட்டால் தரமாட்டான், போரிட்டால் வெல்ல முடியாது. ஆகவே கிருஷ்ணன் கிழவியாகிறான். அர்ச்சுனன் விஜயாம்பாள் என்ற பெண்ணாகிறான். போர்மன்னன் அவளைக் கண்டு மயங்குகிறான். இவள் பெண்ணல்ல, இது சூது என்று மகனை எச்சரிக்கிறார் தந்தை. ஆசை தலைக்கேறிய மகன் தந்தையின் தலையை வெட்டுகிறான். வெட்டிய தலை கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. பொருள்கள் பறிபோன பின்தான் ஏமாந்தது புரிகிறது. துரத்திக்கொண்டு வருகிறான். முடிவில் பாண்டவர்களின் தங்கை சங்குவதியை மணமுடித்துக் கொடுக்கிறார்கள். அவன் அம்மனின் படைத்தலைவனாகவும் காவலனாகவும் ஆகிறான்.

கோயில்களில் அவனைப் பாருங்கள். ஒரு கையில் வாள். இன்னொரு கையில் தலை.

இந்தக் கதையில் யார் நல்லவர்? சூது செய்தவர்கள் நாயகர்கள். உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் தலையிழக்கிறார். வில்லன் பெற்ற தகப்பனைக் கொன்றவன், அதே சமயம் ஏமாற்றப்பட்டவன். அறம் தெளிவானது என்று சொன்ன மூத்தவர் இந்தக் கதையை எந்தக் கட்டத்துக்குள் வைப்பார்? ராமென்மேன் கதையோடு இதற்குள்ள உறவு மேலோட்டமானதல்ல. இரண்டிலும் ஒரு தந்தையின் கொலை இருக்கிறது, கொலையாளி அழிக்கப்படுவதில்லை, கொலையும் அழிக்கப்படுவதில்லை. வேறுபாடும் முக்கியமானது: அங்கே நேர்மையான மோதலுக்குப் பின் மனம் மாறுகிறது. இங்கே மனமாற்றம் என்று சொல்லத்தக்க காட்சியே இல்லை, பேரம் இருக்கிறது. மாணவி எழுத விரும்பியது இதைத்தான். எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

இனி முற்போக்கு நண்பருக்கு. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வந்தது, 1948-இல் தடை செய்யப்பட்டது, 1971-இல்தான் தடை நீங்கியது. அதன் வரலாற்றுத் தேவையை மறுப்பவன் அல்ல நான். ஆனால் அது செய்தது இருக்கைகளை இடம் மாற்றியது. அங்கிருந்தவன் இங்கே, இங்கிருந்தவன் அங்கே. இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. இராவணன் மாசற்றவனாகிவிடுகிறான். மாசற்றவனைப் பற்றிக் கதை சொல்ல என்ன இருக்கிறது? போர்மன்னன் அப்படி எந்தப் பக்கமும் வெள்ளையடிக்கப்பட்டவன் அல்ல. கூத்தின் துரியோதனனும் அப்படித்தான். கிரீடமும் புஜகீர்த்தியுமாக அவன் திரை விலக்கி வரும்போது களரியில் உட்கார்ந்திருக்கும் கூட்டம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பதினெட்டாம் போர் முடிந்த காலையில் படுகளத்தில் மண்ணால் செய்த அவனுடைய பேருருவம் மல்லாந்து கிடக்கும். திரௌபதி கூந்தல் முடிப்பாள், ஊர் மகிழும். அதே களத்தில் அவன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். துடைப்பத்தாலும் முறத்தாலும் அடித்துக்கொண்டு அழுவாள். சற்றுமுன் மகிழ்ந்த அதே பெண்கள் அவளோடு சேர்ந்து அழுவார்கள். இதற்குத் தத்துவப் பெயர் சூட்டுகிறவர்கள் சூட்டிக்கொள்ளட்டும். நான் பார்த்தது அழுகை.

நண்பர் இன்னொன்றும் சொல்வார், எனக்குத் தெரியும். போர்மன்னன் கதை, தோற்றவனைத் தோற்கடித்தவர்களுக்கே வாயிற்காவலனாக்கும் அதிகாரத்தின் தந்திரம் என்பார். உள்ளூர்த் தெய்வத்தைக் கொன்று, பெண் கொடுத்து, வாசலில் நிறுத்திவிடுவது. இதில் பாதி உண்மை. பாதி என்று சொல்வதுகூட என் கஞ்சத்தனம். முக்கால் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தந்திரத்தை மறைப்பதுதானே அதிகாரத்தின் வழக்கம்? இந்தக் கூத்தோ அந்தத் தந்திரத்தை இரவு முழுவதும் கட்டியக்காரனின் கேலியோடு விரித்துக் காட்டுகிறது. கிழவி வேடமிட்ட கிருஷ்ணனைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. ஏமாற்றினார்கள் என்பது அம்மனைக் கும்பிட வரும் ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தே கும்பிடுகிறார்கள். கட்டுடைப்பு பற்றி நாம் மொழிபெயர்ப்பில் படித்ததை முகவீணையும் மத்தளமும் வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தவர்களை நாம் ‘நாட்டார் வழக்காறு’ என்ற அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

நானும் தப்பியவன் அல்ல. முன்பொருமுறை கருத்தரங்கொன்றில் முத்தால ராவுத்தரையும் போர்மன்னனையும் பற்றிக் கட்டுரை வாசித்தேன். அம்மன் கோயிலுக்கு ஓர் இஸ்லாமியக் காவலர், சுருட்டும் சாராயமும் படையல், என்னே நல்லிணக்கம் என்று எழுதிக் கைதட்டலும் வாங்கினேன். நல்லிணக்கம் என்பது நல்ல சொல். அந்தச் சொல்லைப் போட்டதும் கதைக்குள்ளிருக்கும் சண்டை காணாமல் போய்விடுகிறது என்பதை அன்று நான் பார்க்கவில்லை. தேசிங்கு கதையிலும் இதே பிழையைத்தான் செய்கிறோம். 1714-இல் ஆர்க்காட்டு சாதத்துல்லா கானோடு போரிட்டு மாண்ட இளைஞன் நாயகன், நவாப் வில்லன் என்பது கதைப்பாடல். தேசிங்கின் தந்தை சொரூப்சிங்குக்குச் செஞ்சியைக் கொடுத்ததே ஔரங்கசீப்தான் என்பதும், நவாபும் அதே மொகலாய அமைப்பின் அலுவலர்தான் என்பதும் நமக்கு வேண்டாத விவரங்கள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு இந்த நாயகத் தேர்வு இன்னும் சூடுபிடித்திருக்கிறது. ராஜகிரி மேல் யாருடைய கொடி என்று விவாதிப்பவர்கள் மலையிலிருந்து இறங்கி மேலச்சேரி வரை வருவதில்லை.

இப்போது அந்த நூடுல்ஸுக்குத் திரும்புகிறேன். எங்கள் பகுதிக் கோயிலொன்றில் திருப்பணி நடந்தது. எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், சொந்தக் காசைப் போட்டவர்கள். புதிதாகச் செய்யவேண்டிய சிமென்ட் உருவங்களில் போர்மன்னனும் ஒருவன். கையிலிருக்கும் தலை குழந்தைகளைப் பயமுறுத்துகிறது, வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரு யோசனை வந்தது. தலைக்குப் பதில் என்ன கொடுப்பது? தாமரை என்றார் ஒருவர். கும்ப கலசம் என்றார் இன்னொருவர். அச்சடித்த தல வரலாற்றுத் தாளில் போர்மன்னன் ஏற்கெனவே ‘அம்மனின் பரம பக்தர்’ ஆகிவிட்டிருந்தார். விஜயாம்பாள் இல்லை. கிழவி இல்லை. தந்தை இல்லவே இல்லை. கூத்தும் இப்போது பல ஊர்களில் நள்ளிரவோடு முடிக்கச் சொல்லப்படுகிறது; நேரத்தைக் குறைக்கும்போது முதலில் கழிபவை வில்லியில் இல்லாத கதைகளே.

என் சண்டை இந்தக் கழுவலோடுதான். ஆய்வேட்டை நிராகரித்த பேராசிரியர்களும் தாமரை கொடுக்க நினைத்த அன்பர்களும் அறிந்தோ அறியாமலோ ஒரே வேலையைச் செய்கிறார்கள். எதிரி நண்பனாகலாம், ஆனால் வரும்போது கையைக் கழுவிவிட்டு வரவேண்டும் என்கிறார்கள். கழுவிய கையோடு வருபவனிடம் நமக்குத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? தமிழ் சினிமா இந்தக் கழுவலை எப்போதோ கைத்தொழிலாக்கிவிட்டது. 1977-இல் ‘பதினாறு வயதினிலே’யின் பரட்டையைப் பார்த்து மிரண்டவர்கள் சில ஆண்டுகளில் அதே நடிகரை நாயகராகக் கொண்டாடினார்கள், பரட்டை செய்ததை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை, அது வேறு கதை, வேறு வேடம். போர்மன்னன் வேடம் மாறவில்லை. அதே ஆள், அதே கை.

திருப்பணி விவாதத்தில் அதுவரை வாய் திறக்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த வயதான பூசாரி என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: “தலய எடுத்துட்டா அவன் யாருங்க வாத்தியாரே? சும்மா வாட்ச்மேன்தானே?” நான் ஏதோ சமாளித்தேன். தலை இருந்தது, இருக்கிறது. ஆனால் அது என் வாதத்தால் அல்ல. தாமரைக்கு அச்சு இல்லை, தனியாகச் செய்தால் கூலி கூடும் என்று வேலை செய்தவர் சொன்னதால்.

அந்த மாணவி வேறு தலைப்பில், இரட்டைக் காப்பியங்களின் உவமைகளைப் பற்றி எழுதிக்கொடுத்து நல்ல மதிப்பெண் பெற்றார். அண்மையில் பேருந்தில் பார்த்தேன். பழைய தலைப்பு பற்றிப் பேச்சு வந்தது. ராமென்மேனால் கொல்லப்பட்டவனுக்கு நினைவில் வைத்திருக்க ஒரு மகன் இருக்கிறான்; துரியோதனனுக்கு அழப் பெருந்திருவாள் இருக்கிறாள்; போர்மன்னனின் அப்பாவுக்கு எந்த ஊர்க் கூத்திலாவது யாராவது ஒப்பாரி வைக்கிறார்களா ஐயா என்று கேட்டார். நான் பார்த்தவரையில் இல்லை என்றேன். அவருக்குத் தெரிந்த கூத்து வாத்தியார் ஒருவர் இருக்கிறாராம். பங்குனியில் விழா தொடங்குமுன் போய்க் கேட்டுவரலாம் என்றார். போகிறோம்.